எடைக்கு எடை கதலிப்பழம்

அன்புள்ள தம்பிக்கு,

சித்திரையில் விஷு முடிந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு ஆவணி பிறந்த பிறகுதான் பதில் எழுதுகிறேன். அன்று போனை முதலில் எடுத்தது உன் அம்மா. ஆற்றங்கரைக் கோயிலுக்குப் போய்விட்டு வந்த சந்தோஷத்தில் இருந்தாள். உங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடமாகியும் குழந்தை இல்லையே என்ற கவலையைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவளின் சந்தோஷம் அது. "நித்யாவுக்கு ஒரு கொழந்த பொறந்தா, எடைக்கு எடை கதலிப்பழம் போடறன்னு வேண்டீட்டு வந்திருக்கறேஞ் சாமி" என்று உன்னிடம் சொன்னாள். கேக்குதா, கேக்குதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். சிக்னல் தேடுகிறவன் போல நான் முருங்கை மரத்தடிக்கு நடந்து போனேன். நீ குரலை உயர்த்தாமல் சொன்னாய்: "அப்பா, அந்தத் தராசுல ஏத்தறதுக்கு ஒரு புள்ளையப் பெத்துத் தர என்னால முடியாதுங்கப்பா. என்னையாட்ட ஒருத்தன் போதும்."

அதற்குப் பிறகுதான் மற்றதைச் சொன்னாய். பெங்களூரில் ஒரு டாக்டரைப் பார்த்ததையும், உன் உடம்பு சின்ன வயதிலிருந்தே இப்படிக் கனத்திருப்பதற்குப் பரம்பரையாக வரும் ஒரு மரபணு மாற்றம் காரணம் என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்ததையும் சொன்னாய். உனக்குப் பிறக்கும் குழந்தைக்கு அது போகலாம், போகாமலும் இருக்கலாம். காசைச் சுண்டிப் போடுவது போலத்தான் என்றாய். அதைக் கேட்ட பிறகு நீயும் நித்யாவும் பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்து இரண்டு வருடமாகிறது என்றாய். வாழ்நாள் முழுக்க வகுப்பறையில் பேசியே பிழைத்த மனிதன் நான். எனக்கு வந்தது "சரி தம்பி" என்ற இரண்டு சொல்தான். போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தபோது அம்மா ஆசையாக முகத்தைப் பார்த்தாள். லைன் கட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. அது நீயும் நித்யாவும் கூடி எடுத்தது. அதில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை, பெற்றவனாக இருந்தாலும். ஆனால் "என்னையாட்ட ஒருத்தன் போதும்" என்று உன்னைப் பற்றி நீயே சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் நான் கண்ணை மூடக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். வாத்தியார் எழுதுவது அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ பிறந்தபோது நான் உடும்பன்சோலையில் இருந்தேன். ஏலத்தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடம். எட்டாம் மாதத்தில், விடாத மழையில், அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. தோட்டத்து ஜீப்பில் மலையிறங்கித் தேனிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். நீ என் ஒரு கைக்குள் அடங்கிவிடுவாய். நர்ஸ் உன்னைப் பஞ்சில் சுற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, எடை ஏறினால் தப்பித்துக்கொள்வான், ஏறாவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். அம்மாவும் அவளுடைய அக்காவும் அங்கே இருந்தார்கள். லீவு தீர்ந்ததும் நான் மலையேறி வேலைக்கு வந்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் போன் இருந்தது தோட்டத்து ஆபீசில்தான். தினமும் காலையில் பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவார்கள். ஆபீசில் கணக்கு எழுதுகிற ரைட்டர் அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, நான் ஓடி வருவதைப் பார்த்ததும் வாசலுக்கே வந்து சொல்வார்: "சார், இன்னைக்கு முப்பது கிராம் ஏறிருக்கான். போங்க, போயிப் பள்ளிக்கூடத்தத் தொறங்க."

இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை: அந்த வருடம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிராம், கிலோகிராம் கூட்டல் கணக்கை உன் எடையை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு எடை புதிதல்ல. அம்மாமார் பறித்த ஏலக்காயைச் சாயங்காலம் நிறுக்கும்போது கூட நின்று பார்க்கிறவர்கள். கரும்பலகையில் நேற்றைய எடையை எழுதுவேன், கீழே இன்றைக்கு ஏறியதை எழுதுவேன், பிள்ளைகள் கூட்டிச் சொல்வார்கள். நான் வகுப்புக்குள் காலை வைப்பதற்கு முன்பே, "சார், நம்ம பாப்பாவுக்கு இன்னைக்கு எம்புட்டு?" என்று கேட்பார்கள். ஒருநாள் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டி வந்தது. எடை இறங்கியிருந்தது. அன்று பிள்ளைகள் விடையை முணுமுணுத்தார்கள். நீ ஒரு கிலோவிலிருந்து ஏறி ஏறி இரண்டைத் தொட்ட காலையில் எல்லாப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். ஒருத்தி உனக்கென்று பாவாடை முனையில் முடிந்து வைத்திருந்த கல்கண்டை என் மேசைமேல் வைத்தாள்.

அந்த நாட்களில்தான் அம்மா அந்த முதல் வேண்டுதலைச் செய்தாள். பிள்ளை பிழைத்து எடை ஏறட்டும், ஆற்றங்கரைக் கோயிலில் துலாபாரம் கொடுக்கிறேன் என்று. நம் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். பிள்ளையைத் தராசின் ஒரு தட்டில் உட்காரவைத்து, மறு தட்டில் அதே எடைக்குக் கதலிப்பழம் வைத்துச் சாமிக்குக் கொடுத்துவிடுவது. முதல் சோறு ஊட்டும் அன்றே இதையும் முடித்துவிடுவார்கள். நானும் அப்போதே முடித்திருக்க வேண்டும். மலையிலிருந்து கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் எதற்கு, அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்றேன். அடுத்த லீவு வந்தது, போனது. எல்லையோரம் கோபாலபுரம் பக்கம் மாற்றலாகி வந்த பிறகு கோயில் பக்கத்திலேயே இருந்தது. பக்கத்தில்தானே இருக்கிறது என்பதாலேயே இன்னும் தள்ளிப்போனது. வேண்டுதல் காத்திருந்தது. நீ வளர்ந்துகொண்டிருந்தாய்.

மூன்று வயதிலேயே நீ மற்ற பிள்ளைகளைவிடப் பெரிதாக இருந்தாய். முதலில் எங்களுக்கு அது பெருமை. கண்ணு பட்டுவிடும் என்று அம்மா கன்னத்தில் மை வைத்தாள். ஊரில் அள்ளி அள்ளிக் கொஞ்சினார்கள். அதே வாய்கள்தான் உனக்கு எட்டு வயதானபோது வேறு விதமாகப் பேசின. உனக்குப் பசி அடங்கவே அடங்காது. தட்டை வழித்துவிட்டு, கேட்கவும் கூச்சப்பட்டுக்கொண்டு, சட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாய். "இப்பத்தானே சாமி தின்ன" என்று அம்மா சொல்வாள். அவள் கோபமாகச் சொன்னதில்லை, ஆனால் தினமும் சொன்னாள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று யாரோ சொல்லப்போக, நம் வீட்டில் உனக்கு மட்டும் கொள்ளு ரசம், கொள்ளுப் பருப்பு, கொள்ளுச் சுண்டல். விடிகாலையில் வாய்க்கால் கரையில் நீ ஓட, பின்னால் நான் சைக்கிளில் வருவேன். மனசு வைத்தால் முடியும், மனசு வைத்தால் முடியும் என்று சொல்லிக்கொண்டே வருவேன். நீ மனசு வைத்தாய். மாதக்கணக்கில் வைத்தாய். இளைப்பாய்; பிறகு ஒரு காய்ச்சலோ பரீட்சையோ வந்தால் போன எடை திரும்பி வந்துவிடும், கூடக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு.

நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது மஞ்சள் காமாலை வந்து படுத்தாய். வேண்டுதலை மறந்ததற்குச் சாமி ஞாபகப்படுத்துகிறது என்று அம்மா பயந்துவிட்டாள். உடம்பு தேறியதும் கோயிலுக்குப் போனோம். மார்கழி மாதம், நல்ல கூட்டம். நமக்கு முன்னால் ஒரு கைக்குழந்தை. தட்டில் வைத்ததும் மறு தட்டில் நான்கு சீப்பு வைத்தார்கள், முடிந்துவிட்டது, குழந்தை சிரித்தது. பிறகு உன்னை ஏற்றினார்கள். உன் தட்டு தரையில் உட்கார்ந்துவிட்டது. அவர்கள் குலை குலையாக எடுத்து வைத்தார்கள். எதிர்த் தட்டு மேலேயே நின்றது. கோயிலில் எடுத்து வைத்திருந்த குலைகள் தீர்ந்துவிட்டன. நான் வெளியே கடைக்கு ஓடினேன். இரண்டு தோளிலும் கதலிக்குலையைச் சுமந்துகொண்டு திரும்பி வரும்போது, எனக்குத் தெரிந்த ஒரு ஆள், என் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அப்பா, வரிசையில் நின்றுகொண்டு சொன்னார்: "என்னுங்க வாத்தியாரே, தோட்டத்தையே கொண்டாரோணுமாட்ட இருக்குது." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தெரிந்த மனிதர் பேசினால் சிரித்து வைப்பது எனக்குப் பழக்கம். நானும் சிரித்தேன். சிரித்தபடியே நிமிர்ந்தபோது, தட்டிலிருந்து நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அம்மா கைகூப்பிக் கண்ணை மூடி நின்றிருந்தாள். அவள் எதையும் பார்க்கவில்லை. நீ இரண்டு கையாலும் தட்டின் சங்கிலிகளை இறுகப் பிடித்து, வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உன்னையே மேலே தூக்கிக்கொள்ளப் பார்த்தாய். தட்டு சீக்கிரம் எழும்பட்டும் என்று. உன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பழம் வைக்கிறவர் குனிந்து, "மோனே, சங்கிலிய விடு" என்று மலையாளத்தில் பதமாகச் சொன்னார். நான் அறிவியல் பாடம் எடுத்தவன். உட்கார்ந்திருக்கும் தட்டின் சங்கிலியையே பிடித்து எவ்வளவு இழுத்தாலும் ஒருவனின் எடை குறையாது என்பதை, வேண்டாம், பாடமாகக்கூட வேண்டாம், பக்கத்தில் வந்து உன் காதில் சொல்லியிருக்கலாம். நான் குலையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நீ அந்தக் கோயிலுக்கு வரவில்லை. ஆட்கள் இருக்கும் இடத்தில் சாப்பிடுவதையும் விட்டுவிட்டாய். கல்யாண வீடுகளுக்கு வந்தால் பந்தி முடியும்வரை வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பாய். உன் கல்யாணத்தில், உனக்கென்று போட்ட இலையில், கேமராக்காரர் கேட்டதற்காக ஒரு வாய் பாயசம் எடுத்தாய். பிறகு இலையை மூடினாய். நித்யா உன் இலையைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், தானும் இலையை மூடிவிட்டாள். அன்றே எனக்குத் தெரிந்தது, உன்னைப் புரிந்துகொள்ள ஒருத்தி வந்துவிட்டாள் என்று. இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்து நாங்கள் செய்யாததை அவள் ஒரு பந்தியில் செய்தாள்.

உன்னோடு போனில் பேசிய மறுவாரம் நான் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன். பரம்பரை நோய்கள் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று விசாரித்து வைத்திருந்தேன். சின்னப் பெண்தான், என் பழைய மாணவிகள் வயது இருக்கும். நீ சொன்ன மரபணுப் பெயர் உட்பட உன் விஷயத்தை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். பிள்ளைகள் பருமனாவதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரே ஒரு காரணம் என்று இருப்பதில்லை. மிகச் சின்னச் சின்ன மாற்றங்கள் பல சேர்ந்து உடம்புக்கு ஒரு சாய்வைக் கொடுத்துவிடும். சாய்ந்த நிலத்தில் தண்ணீர் ஓடுவது போல, அதற்குமேல் சாப்பாடு, தூக்கம், ஓட்டம் ஆட்டம் எல்லாம் சேரும்போது சிலர் சீக்கிரம் சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை. வெகுசில குடும்பங்களில்தான் ஒரே இடத்தில் பெரிய மாற்றம் இருக்கும். வயிறு நிறைந்துவிட்டது, போதும் என்று உடம்பு மூளைக்குச் சொல்லும் செய்தி அவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேராது. உனக்கு இருப்பது அதுதான்.

அவர் சொல்லச் சொல்ல, நம் பள்ளிக்கூடத்து மணி எனக்கு ஞாபகம் வந்தது. உனக்கும் நினைவிருக்கும், ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டு. ஆடி மாதத்தில் கணவாய்க் காற்று அடிக்கத் தொடங்கினால் மேற்குக் கோடியில் இருக்கும் வகுப்புக்கு மணிச் சத்தம் கேட்காது. மதியச் சாப்பாடு முடிந்த மணி அடித்தும் அந்த வகுப்புப் பிள்ளைகள் மைதானத்து ஓரத்திலேயே நிற்பார்கள். நாங்கள் ஆசிரியர்கள், திமிர் என்று நினைத்தோம். வரிசையில் நிற்கவைத்தோம். அவர்களும் தங்களைத் திமிர் பிடித்தவர்கள் என்றே நம்பியிருப்பார்கள், பாவம். ஒருநாள் நானே அந்த வகுப்புத் திண்டில் உட்கார்ந்திருந்தபோது மணி அடித்ததே எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்தக் கோடியில் இன்னொரு மணி கட்டினோம். அதோடு பிரச்சினை தீர்ந்தது. டாக்டரிடம் இதைச் சொன்னேன். "ரொம்பச் சரியாச் சொன்னீங்க சார்" என்றார். மணி கேட்காத பிள்ளைக்குத் தண்டனை எதற்கு, இன்னொரு மணிதான் வேண்டும். வீட்டில் எல்லாரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவது, பிள்ளையைக் கேலி பேசாமல் இருப்பது, சின்ன வயதிலேயே காரணத்தைக் கண்டுபிடிப்பது, இதெல்லாம் அந்த இரண்டாவது மணி என்றார். சிலருக்கு இப்போது மருந்துகளும் வரத் தொடங்கியிருக்கின்றனவாம். உனக்குக் காதில் விழாத மணிக்கு, தம்பி, நாங்கள் உன்னைப் பன்னிரண்டு வருடம் வரிசையில் நிற்கவைத்திருக்கிறோம்.

அவரிடமே என் இரத்தத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மாவிடம் சர்க்கரை பார்க்கப் போனதாகச் சொன்னேன். சில வாரம் கழித்து மறுபடியும் வரச் சொன்னார். உனக்கு இருக்கும் அதே மாற்றம் எனக்கும் இருக்கிறது. உனக்கு அது வந்தது என்னிடமிருந்து. நான் நம்பவில்லை. சின்ன வயதில் நான் ஒட்டடைக்குச்சி போல இருந்தேனே என்றேன். அந்த வயதில் வீட்டில் மூன்று வேளையும் சாப்பாடு இருந்ததா என்று அவர் கேட்டார். ஒரு வேளைதான், அதுவும் கூழ் என்றேன். அவர் தலையை ஆட்டினார். பசி என்னை மெலிய வைத்திருந்தது. அதை நான் என் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சைக்கிள் மிதித்தே உத்தியோகம் பார்த்தேன். ஓய்வு பெற்று உட்கார்ந்த பிறகு இந்த உடம்பு எப்படி ஆகியிருக்கிறது என்று போன தீபாவளிக்கு நீயே பார்த்தாய். உன் அத்தை ஞாபகம் வந்தது. பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்டு, எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடுகிறவள். அப்படியும் கனத்த உடம்பு. திருட்டுத் தீனி தின்கிறாள் என்று என் அம்மாவே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் அதை மறுத்ததில்லை. மறுத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. என்னைப் பெறும்போது என் அப்பாவுக்கு இது தெரிந்திருந்து, வேண்டாம் என்று அவர் முடிவு செய்திருந்தால், நான் இல்லை. எனக்கு இது தெரிந்திருந்தால் உன்னை வேண்டாம் என்றிருப்பேனா? கோபாலபுரம் செக்போஸ்ட் வரும்வரை யோசித்தேன். உனக்கு வேண்டுமானால் இந்தக் கேள்வி சுலபமாக இருக்கலாம். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

அம்மாவிடம் ஆவணி பிறந்த பிறகுதான் சொன்னேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நீ போனில் சொன்னதை, டாக்டர் சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தராசு என்று நீ சொன்னதையும் மறைக்கவில்லை. கை நின்றுவிட்டது. "ஏனுங்க, மொதல் சோறு ஊட்டும்போதே போயிருந்தா நாலு சீப்புல முடிஞ்சிருக்குமுங்களே" என்றாள். மறுபடியும் மொச்சையை எடுத்து, உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு, "அவன் வேண்டாங்கறத நான் போயிக் கேட்டுப்போட்டு வந்துட்டனுங்களே. இப்ப எப்புடித் திருப்பி வாங்கறது?" என்றாள்.

பிள்ளை பிறந்தால்தானே துலாபாரம், பிறக்காவிட்டால் வேண்டுதலே இல்லையே என்று நான் கணக்குச் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சாமியிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, சும்மா திரும்பி வந்தால் அது கேட்டபடிதான் நிற்கும். உன் விருப்பத்துக்கு எதிராகத் தன் ஆசை அங்கே நின்றுகொண்டிருக்கக் கூடாது என்பது அவள் பயம். "குடுத்துப்போட்டாத்தானுங்க கேட்டதத் திருப்பி எடுக்க முடியும்" என்றாள். மறுநாளே கோயிலுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தாள். வீட்டு ஆள் யார் உட்கார்ந்தாலும் போதும் என்று பூசை செய்யும் மேல்சாந்தி சொன்னாராம். அவள் தானே உட்காருவதாக இருந்தாள். இது என் உடம்பு சம்பந்தப்பட்டது, நான்தான் உட்காருவேன் என்றேன்.

ஓணத்துக்கு முந்தின வாரம், வெள்ளிக்கிழமை, போனோம். இடம் அப்படியே இருக்கிறது; சங்கிலி மட்டும் புதிது. பெயரும் நட்சத்திரமும் கேட்டார்கள். உட்காருகிறவரின் பெயரைச் சொல்வதுதான் வழக்கம். நான் உன் பெயரைச் சொன்னேன், அனுஷம் என்றேன். தட்டில் ஏறி உட்கார்ந்தேன். அது தரையைத் தொட்டு நின்றது. முழங்கால் வலியில் சம்மணம் போட முடியவில்லை, காலை ஒரு பக்கமாக மடக்கிக்கொண்டேன். குலைகளை வைக்கத் தொடங்கினார்கள். தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு மனிதர்கள் இடுப்புவரைதான் தெரிகிறார்கள். முகத்தைப் பார்க்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். வரிசையில் யாரோ சிரித்தார்கள். எதற்கென்று தெரியாது, அவர்களுக்குள் ஏதோ பேச்சாக இருக்கும். ஆனால் அந்தத் தட்டில் இருப்பவனுக்கு எல்லாச் சிரிப்பும் தன்னைப் பற்றியதுதான் என்பது இந்த வயதில் எனக்குத் தெரிந்தது. என் கைகள் தாமாகவே சங்கிலியைப் பிடித்தன. வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பயனில்லை என்று தெரிந்தேதான் செய்தேன். பழம் வைக்கிறவர், வேறு ஆள், இளைஞர், "மாஷே, சங்கிலிய விடணும்" என்று வாத்தியாருக்குக் கொடுக்கிற மரியாதையோடு சொன்னார்.

உன் அம்மா இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, சங்கிலியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். எடுத்த கையை விடாமல் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். எதிர்த் தட்டு மெல்ல இறங்கியது. நான் தரையை விட்டு எழும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு, மிகச் சின்னக் குரலில், "கொஞ்சம் பொறுத்துக்கோ சாமி, முடிஞ்சுது" என்றாள். அவள் உன்னை அப்படிக் கூப்பிடுவாள்; என்னை ஒருநாளும் சாமி என்று கூப்பிட்டதில்லை. அது என்னிடம் சொன்னதில்லை.

வேண்டுதல் முடிந்தது, தம்பி. இனிமேல் குழந்தையைப் பற்றி அம்மா உன்னிடம் கேட்க மாட்டாள். கேட்பவர்களுக்கும் அவளே பதில் சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். பிரசாதமாகக் கொடுத்த சீப்பில் நாங்கள் ஆளுக்கு ஒரு பழம் சாப்பிட்டோம். மீதியை உனக்கு என்று எடுத்து வைத்தாள். பெங்களூரில் இருப்பவனுக்கு எப்படிக் கொடுப்பாய் என்று நான் கேட்கவில்லை. அது சமையல் மேடையில் கறுத்துக்கொண்டிருக்கிறது. அவள் அதை எடுத்துப் போட மாட்டேன் என்கிறாள்.

நாளைக்கு நீங்கள் மனம் மாறினாலும் சரி, மாறாவிட்டாலும் சரி, அதைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒன்றை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உடும்பன்சோலை மழையில் தினமும் காலையில் அந்த ஆபீஸ் போனுக்கு நான் ஓடியபோது, வேறு ஏதோ ஒரு பிள்ளைக்காக ஓடவில்லை. இன்னாரைப் போல, இன்ன உடம்போடு ஒரு பிள்ளை என்று கேட்டதில்லை. உன்னைக் கேட்டேன். நீ கிராம் கிராமாக வந்து சேர்ந்தாய். நடுவில் எப்போதோ, நீ அதிகம் என்று ஊர் சொன்னதை நாங்களும் நம்பிவிட்டோம். ஊருக்குக் கணக்குத் தெரியாது. அதை நான் கரும்பலகையில் கூட்டிப் பார்த்தவன். அதில் ஒரு கிராம்கூட அதிகமில்லை, தம்பி.

உன் அப்பா